உதவி வந்து சேரும்வரை: பள்ளிப் பயணத் தலைவர்களுக்கான முதலுதவி - வாசகர் கேள்வி பதில்

மாணவர்களை மலையேற்றத்துக்கும் காட்டு நடைக்கும் முகாம்களுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அனுப்பிய கடிதங்களில், முதலுதவிப் பயிற்சி பற்றியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விரிவாக எழுதப்பட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டேன். இப்பதில்கள் நேரடிப் பயிற்சிக்கு ஈடாகமாட்டா என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: பணியிட முதலுதவிக்கான ஒரு நாள் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் 24 மாணவிகளை இரண்டு இரவு மலை முகாமுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். இந்தச் சான்றிதழே போதும் என்று பள்ளி நிர்வாகம் சொல்கிறது; எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. போதுமா?
- உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. நீங்கள் கற்ற ஒரு நாள் பயிற்சி, சொல்லாமலேயே ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: தொலைபேசியில் அழைத்தால் சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்பதே அது. அலுவலகத்திலும் வகுப்பறையிலும் அந்த அனுமானம் பெரும்பாலும் பலிக்கும். வாகனம் ஏற முடியாத மலைச்சரிவில் அது பலிக்காது. அங்கே நீங்கள் கட்டுப்போட்டு முடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அடுத்த மூன்று மணி நேரமோ ஆறு மணி நேரமோ, சில வேளைகளில் ஓர் இரவு முழுவதுமோ, அந்த மாணவி உங்கள் பொறுப்பில் இருப்பாள். அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்பதைக் கற்பிப்பதே வெளிக்கள முதலுதவி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு மாணவியின் கணுக்கால் மடங்கி, ஊன்ற முடியாமல் போகிறது. பள்ளி மைதானத்தில் இது சிறிய விஷயம். மலையில், வியர்வையில் நனைந்த உடையோடு அவள் குளிர்ந்த பாறைமேல் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் பற்கள் கிட்டத் தொடங்கும். அவளோடு மற்ற 23 பேரும் நின்றுவிடுவதால் அவர்களுக்கும் குளிரும். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரமே இருக்கும். குழுவைப் பிரிப்பதா, எல்லோரும் அங்கேயே தங்குவதா, யாரை முன்னே அனுப்புவது என்று முடிவெடுத்தாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் காரணமான கணுக்காலுக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை பத்து நிமிடத்தில் முடிந்துபோயிருக்கும்.

தலைவரின் தீர்ப்புத்திறன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கசப்பான வரலாறு காட்டியிருக்கிறது. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கிய பள்ளிக் குழு ஒன்றில் ஐந்து மாணவர்களும் பயிற்சி நிலையிலிருந்த ஓர் இளம் வழிநடத்துநரும் குளிரால் இறந்தார்கள். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் படகுகளில் சென்ற பள்ளிக் குழுவில் நான்கு மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் விளைவாக 1995இல் அந்நாட்டில் இளையோருக்கான சாகச மையங்களின் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இரண்டு நிகழ்வுகளிலும் உயிர்களைப் பறித்தவை குளிரும் நேரமுமே. கட்டுத்துணி சுற்றும் திறமை எவ்வளவு இருந்திருந்தாலும் அங்கே பயன்பட்டிருக்காது.

இரண்டு இரவு முகாமுக்குக் குறைந்தது 16 மணி நேரம், அதாவது முழுமையாக இரண்டு நாள் நடக்கும் வெளிக்கள முதலுதவிப் பயிற்சியை முடியுங்கள். மருத்துவ உதவியிலிருந்து ஒரு நாளுக்கும் மேலான தொலைவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோருக்கு, 70 முதல் 80 மணி நேரம் வரை நீளும் மேல்நிலைப் பயிற்சி இருக்கிறது. உங்கள் பயணத்துக்கு அது கட்டாயமில்லை.

கேள்வி: பயிற்சி நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். எல்லா விளம்பரங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன. நல்ல பயிற்சியை எப்படி அடையாளம் காண்பது?
- பள்ளிப் பயணங்களை ஒருங்கிணைக்கும் துணைத் தலைமையாசிரியர்

பதில்: பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மொத்த நேரத்தில் எத்தனை மணி நேரம் கூரைக்கு வெளியே நடக்கும்? மழை பெய்தால் பயிற்சியை உள்ளே மாற்றிவிடுவீர்களா? பயிற்சியாளர் தாமே குழுக்களை வெளிக்களத்துக்கு அழைத்துச் சென்றவரா? இரண்டாவது கேள்விக்கு, ‘மழையென்றால் இன்னும் நல்லது, மழையுடை கொண்டுவாருங்கள்’ என்று பதில் வந்தால், மற்ற விவரங்களைப் பார்க்காமலேயே நான் அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிடுவேன்.

காரணம் சொல்கிறேன். என் வகுப்பு ஒன்றில், கூடத்துக்குள் எல்லோரையும்விட நேர்த்தியாகக் கட்டுப்போட்ட ஓர் ஆசிரியர் இருந்தார். மறுநாள் தூறலில், தொடை எலும்பு முறிந்தவராக நடித்த, வகுப்பில் உடன் பயின்ற ஒருவரை அவரிடம் ஒப்படைத்தோம். கட்டு அன்றும் குறையின்றி அமைந்தது. ஆனால் 40 நிமிடம் கழித்து, நடித்துக்கொண்டிருந்தவர் உண்மையாகவே நடுங்கத் தொடங்கி, ‘போதும், நிறுத்துங்கள்’ என்றார். அவருக்கு அடியில் ஈரத் தரைக்கும் உடம்புக்கும் இடையே எதையும் விரிக்க வேண்டும் என்று ஒருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. மேலே மட்டும் மூன்று ஜாக்கெட்டுகளைப் போர்த்தியிருந்தார்கள். தரை எவ்வளவு விரைவாக உடற்சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அந்த ஆசிரியர் இனி மறக்கமாட்டார். கூடத்துக்குள் பத்து முறை சொல்லியிருந்தாலும் அது அப்படிப் பதிந்திருக்காது.

நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் எத்தனை, அவை எவ்வளவு நேரம் நீள்கின்றன என்றும் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கைதட்டும் நாடகங்களால் பயன் குறைவு. குறைந்தது ஒன்றாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள வேண்டும். அதில் காயம்பட்டவரின் நிலை நடுவில் மோசமாக வேண்டும், மற்ற மாணவர்களாக நடிப்பவர்கள் அழவும் கேள்வி கேட்கவும் அங்குமிங்கும் அலையவும் வேண்டும். தலைவரின் கவனம் சிதறுவது அங்கேதான் என்பதால் பயிற்சியும் அங்கேதான் தேவைப்படுகிறது.

சான்றிதழின் செல்லுபடிக் காலம் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். கைத்திறன் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. மார்பை அழுத்தி உயிர்மீட்கும் திறன் பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே தேயத் தொடங்குகிறது என்பது பலமுறை ஆராய்ந்து கண்ட உண்மை. எனவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பயணத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் ஒரு மாலை கூடி, ஒருவரையொருவர் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தும் கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் மருந்தைச் செலுத்தும் ஊசிப் பேனாவின் மாதிரியைத் தொடையில் அழுத்தியும் பழக வேண்டும். இதற்குப் பயிற்சியாளரோ கட்டணமோ தேவையில்லை. துணைத் தலைமையாசிரியர் என்ற முறையில் நீங்கள் அந்த மாலையை நாட்காட்டியில் குறித்துவிட்டால் போதும்.

கேள்வி: முதலுதவிப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்? கடையில் விற்கும் ஆயத்தப் பையே போதுமா?

பதில்: ஆயத்தப் பையைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலுள்ள ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் பார்த்து, எதற்கென்று தெரியாததை நீக்கிவிடுங்கள். பயன்படுத்தத் தெரியாத பொருள் பாரத்தைத் தவிர வேறெதையும் தராது. ஆயத்தப் பைகளில் குறைவாகவும் களத்தில் மிகுதியாகவும் தேவைப்படுபவை கையுறைகள், அகலமான கட்டுத்துணிகள், ஒட்டும் பட்டை, முக்கோணத் துணி, காயத்தைக் கழுவ அழுத்தமாகப் பீய்ச்சக்கூடிய சுத்தமான பிளாஸ்டிக் பை, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குளுக்கோஸ், நீரில் கரையாத எழுத்தைத் தரும் பென்சிலும் தாளும். இவற்றோடு, முதலுதவிப் பொருளாகப் பலர் நினைக்காத மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடியில் விரிக்கும் நுரைப்பாய், குழுவில் பலர் உள்ளே உட்காரக்கூடிய இலேசான காற்றுத் தடுப்புக் கூடாரம், உதிரி மின்கலத்தோடு தலைவிளக்கு.

மிக அதிகமாக நீங்கள் சிகிச்சை செய்யப்போவது குதிகால் கொப்புளத்துக்குத்தான். தோல் உரசிச் சூடாகும்போதே சொல்லும்படி மாணவர்களைப் பழக்கி, அந்த இடத்திலேயே பட்டையை ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கேள்வி: சென்ற பயணத்தில் ஒரு மாணவனுக்குத் திடீரென்று மூச்சிரைப்பு வந்தது. அவனுக்கு ஆஸ்துமா இருப்பதைப் பெற்றோர் படிவத்தில் குறிப்பிடவே இல்லை. சொன்னால் அழைத்துப் போகமாட்டார்கள் என்று அஞ்சினார்களாம். மற்றொரு மாணவிக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. அவளுடைய ஊசிப் பேனா பேருந்திலேயே தங்கிவிட்டது. இந்த முறை இரண்டும் நல்லபடியாக முடிந்தன. அடுத்த முறையை நினைத்தால் உறக்கம் வருவதில்லை.
- அறிவியல் ஆசிரியர் ஒருவர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலுதவியின் மிகப் பெரிய பகுதி புறப்படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று வகுப்புகளில் நான் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

பெற்றோரின் அச்சத்திலிருந்து தொடங்குவோம். ‘நோய்கள் ஏதேனும் உண்டா?’ என்று ஒற்றைக் கட்டத்தில் கேட்கும் படிவம், ‘இல்லை’ என்ற பதிலைத் தானே வரவழைக்கிறது. ‘உங்கள் பிள்ளையைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்ல நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? உடல்நலக் காரணத்தால் எவரையும் விட்டுச்செல்வது எங்கள் நோக்கம் அன்று’ என்று தொடங்கி, கடந்த ஓராண்டில் எடுத்த மருந்துகள், மருத்துவமனை சென்ற நாட்கள், ஒவ்வாமைகள், இரவில் வரும் தொல்லைகள் என்று தனித்தனியே கேளுங்கள். பிறகு மாணவனிடமும் தனியே பேசுங்கள். பெற்றோர் எழுதாததைப் பிள்ளைகள் பல வேளைகளில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து மருந்து இருக்க வேண்டிய இடம். இன்ஹேலரும் அட்ரினலின் ஊசிப் பேனாவும் அந்தந்த மாணவரின் உடம்போடு இருக்க வேண்டும். இரண்டாவது ஒன்று தலைவரின் பையில் இருக்க வேண்டும். பேருந்து, கூடாரம், பின்னால் வரும் சுமை ஆகியவற்றில் இருக்கும் மருந்தை இல்லாத மருந்தாகவே கணக்கிடுங்கள். ஒவ்வொரு காலையும் நடை தொடங்கும்முன் அம்மாணவர்கள் தத்தம் மருந்தை எடுத்துக் கையில் காட்டட்டும். மற்றவர்கள் எதிரில் அவர்களுக்குக் கூச்சம் வராதபடி, எல்லோருமே அவரவர் தண்ணீர், விசில், மழையுடையைக் காட்டும் சடங்கின் பகுதியாக அதை ஆக்கிவிடலாம்.

கடும் ஒவ்வாமையின்போது பயிற்சி பெற்றவர்கூடத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தோலில் தடிப்போடு மூச்சுத் திணறலோ, தொண்டை இறுகுவதோ, குரல் மாறுவதோ, மயக்கம் வருவதோ சேர்ந்தால் ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்க நடுவில், உடையின் மேலாகவே செலுத்துங்கள். அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் கால் நீட்டி உட்காரலாம். நலமாகிவிட்டேன் என்று சொன்னாலும் எழுந்து நடக்க விடாதீர்கள், ஏனெனில் அந்த நேரத்தில் திடீரென்று நிற்பதே உயிருக்கு ஆபத்தாகலாம். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. முதல் ஊசியில் முழுமையாகத் தெளிந்தவருக்கும் சில மணி நேரம் கழித்து மீண்டும் அதே நிலை வரக்கூடும் என்பதால், பயணம் அவரைப் பொறுத்தவரை அத்துடன் முடிந்தது. மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு, நிமிர்ந்து உட்காரவைத்து, நீல நிற நிவாரண இன்ஹேலரை இடைக்குழல் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழாய்) வழியாக ஒவ்வொரு முறையாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் இடைவெளியில், பத்து முறை வரை கொடுக்கலாம். வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஒவ்வொரு சொல்லாகப் பேசும் மாணவனுக்கு, இன்ஹேலர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

கேள்வி: குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவன் திடீரென்று நடுக்கம் நின்று, தனக்கு வெப்பமாக இருப்பதாகச் சொல்லி மேல்சட்டையைக் கழற்றினான் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். இது எப்படி? வெயிலில் மயங்கி விழுபவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

பதில்: அந்த மாணவன் மிகுந்த ஆபத்தில் இருந்திருக்கிறான். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். 35 முதல் 32 பாகை வரை உடல் நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் போராடும். ஏறத்தாழ 32க்குக் கீழே அந்த நடுக்கம் ஓயத் தொடங்கும், நினைவும் மங்கும். தோலின் இரத்தக் குழாய்கள் அதுவரை இறுகியிருந்து, பிறகு தளர்ந்து விரிவதால் வெப்பமாக இருப்பதுபோன்ற பொய்யுணர்வு தோன்றி, சிலர் ஆடையைக் களைகிறார்கள் என்று கருதப்படுகிறது. உலர்ந்த ஆடையோ வெப்பமான இடமோ கிடைக்காத நிலையில் நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி அன்று என்பதைத் தலைவர்கள் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

அந்நிலைக்கு வெகு முன்பே அடையாளங்கள் தெரியும். கலகலப்பாக இருந்தவன் பேச்சைக் குறைப்பான், பின்தங்குவான், தடுமாறுவான், பொத்தானைப் போடத் திணறுவான், எரிச்சல்படுவான். களைப்பு என்று கடந்துபோகாமல் அங்கேயே நின்று, காற்றிலிருந்து மறைத்து, அடியில் பாய் விரித்து, ஈர உடையை மாற்றி, தலையை மூடி, தடையின்றி விழுங்க முடிந்தால் இனிப்பான வெந்நீர்ப் பானம் கொடுங்கள். நினைவு மங்கியவருக்கு வாய்வழியே எதுவும் கூடாது. அவரைத் தேய்ப்பதும் நடக்கவைப்பதும் ஆபத்து. கிடைமட்டமாக, கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வதுபோல் மென்மையாகக் கையாள வேண்டும், ஏனெனில் குளிர்ந்த இதயம் சிறு குலுக்கலிலும் தாளம் தவறிவிடும். மூச்சு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் வரை பொறுமையாகப் பார்த்த பிறகே இல்லை என்று முடிவு செய்யுங்கள். நார்வேயில் 1999இல் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய அன்னா போகன்ஹோல்ம் என்ற மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. பல மணி நேர உயிர்மீட்பு முயற்சிக்குப் பின் அவர் பிழைத்து, மீண்டும் மருத்துவப் பணிக்கே திரும்பினார். குளிர்ந்து கிடக்கும் ஒருவரை இறந்துவிட்டார் என்று களத்தில் நாம் தீர்மானிக்கக் கூடாது.

வெயிலில் நடக்கும்போது கவனிக்க வேண்டிய கோடு மூளையைச் சார்ந்தது. களைத்து, வியர்த்து, தலைவலியோடு இருப்பவர் தெளிவாகப் பேசினால் நிழலும் ஓய்வும் உப்பு கலந்த பானமும் பெரும்பாலும் போதும். குழறினாலோ, இடம் புரியாமல் பேசினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கக்கூடும். வெப்பவாதம் என்றால் தோல் உலர்ந்திருக்கும் என்று பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். வியர்வையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இங்கே முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுசெல்ல வேண்டும். பாதுகாப்பான நீர்நிலை அருகே இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை நீரில் வைத்திருப்பதே மிக விரைவான வழி. இல்லையென்றால் உடல் முழுவதும் நீரூற்றி விடாமல் விசிறுங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கவைப்பதும் இரத்தத்திலுள்ள சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தையும் வலிப்பையும் வரவழைக்கும் என்பதால், மாணவர்களைத் தாகத்துக்கேற்பக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உயரத்திலிருந்து விழுந்தவரை அசைக்கவே கூடாது என்று கற்றேன். ஆனால் அவர் விழுந்த இடமே ஆபத்தானதாக இருந்தால்?

பதில்: கல் உருண்டு வரும் சரிவிலும் நீர் ஏறும் ஆற்றோரத்திலும் அவரை நகர்த்தத்தான் வேண்டும், முதுகெலும்பைக் காப்பதற்காக உயிரை விடமுடியாது. தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி, ஒருவர் தலையைப் பிடித்துக் கட்டளையிட, மற்றவர்கள் ஒருசேர நகர்த்த வேண்டும். நினைவிழந்து மல்லாந்து கிடப்பவர் மூச்சுவிடுகிறார் என்றால் அதே முறையில் அவரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கழுத்துக்கு அஞ்சி மல்லாக்கவே விட்டுவிட்டால் வாந்தியோ நாக்கோ மூச்சை அடைத்துவிடும்.

தலையில் அடிபட்டு எழுந்தவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அடுத்த சில மணி நேரம் அவருக்கென்று ஒருவரை நியமியுங்கள். அதிகரிக்கும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பம், வலிப்பு, இரு கண்மணிகளும் வேறு வேறு அளவில் இருப்பது ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் தாமதமின்றி வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: பாம்பு கடித்தால் மேலே இறுகக் கட்டுவதா, வேண்டாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: இறுகக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், பனிக்கட்டி வைக்க வேண்டாம். மோதிரம், காப்பு, காலணி முதலியவற்றை வீக்கத்துக்கு முன்பே கழற்றி, கடிபட்ட உறுப்பை முறிந்த எலும்பைப்போல் தாங்குகட்டை வைத்து அசையாமல் நிறுத்தி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 1970களின் இறுதியில் உருவான, உறுப்பு முழுவதையும் இழுத்தால் நீளும் கட்டுத்துணியால் சுற்றி அசைவை நிறுத்தும் முறை, நரம்பைத் தாக்கும் நச்சுடைய பாம்புகளுக்கு ஏற்றது. திசுக்களை அழிக்கும் நச்சுடைய பாம்புகள் உள்ள இடங்களில் அதைப் பரிந்துரைப்பதில்லை. எனவே நீங்கள் செல்லும் பகுதிக்கு எது பொருந்தும் என்பதையும், நச்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ எவரையும் அனுப்பாதீர்கள்.

இதைப் பீறிடும் குருதிப்போக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே முதல் வேலை காயத்தின்மேல் நேரடியாக, விடாமல் அழுத்துவது. கை கால்களில் அழுத்தியும் நிற்காமல் பாயும் இரத்தத்துக்கு, காயத்துக்குச் சில அங்குலம் மேலே அகலமான இறுக்குப்பட்டையைப் போட்டு, போட்ட நேரத்தை எழுதிவைத்து, மருத்துவரிடம் சேரும்வரை தளர்த்தாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: மின்னல் தாக்கிப் பலர் விழுந்தால் யாரை முதலில் கவனிப்பது?

பதில்: வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகிறது. மின்னலில் முனகுபவரும் அசைபவரும் பெரும்பாலும் பிழைப்பார்கள். பேச்சுமூச்சின்றிக் கிடப்பவரிடம் முதலில் செல்லுங்கள். அவருடைய இதயம் தானே மீண்டும் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு நின்றே இருக்கலாம், எனவே நீங்கள் தரும் மூச்சு அவரைக் காப்பாற்றக்கூடும். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம். மார்பழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், சிறுவர்களுக்கு மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நீரில் மூழ்கியவருக்கு மூச்சிலிருந்தே தொடங்க வேண்டும். புயல் இன்னும் தலைக்கு மேல் இருந்தால் நின்றிருப்பவர்களைப் பரவலாக்கிப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு இவற்றைச் செய்யுங்கள்.

கேள்வி: தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் உதவிக்கு யாரை, எப்படி அனுப்புவது?
- சாரணர் குழுவை வழிநடத்துபவர்

பதில்: அவசரத்தில் ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள். வாய்மொழியாகச் சென்ற செய்தி வழியிலேயே உருமாறிவிடும். இடம் வரைபடக் குறியீட்டோடும் அருகிலுள்ள அடையாளத்தோடும், நடந்த நேரம், எத்தனை பேர், என்ன காயம், இப்போதைய நிலை, செய்த முதலுதவி, குழுவில் மீதமுள்ளோர் எண்ணிக்கை, வானிலை, நீங்கள் அங்கேயே இருப்பீர்களா நகர்வீர்களா என்பவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். நினைவு நிலையை நான்கு சொற்களில் எழுதலாம்: விழிப்பு, குரலுக்குப் பதில், வலிக்குப் பதில், பதிலின்மை. மூச்சு, நாடி, தோலின் நிறம் ஆகியவற்றோடு இதையும் கால் மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். ஒரு முறை எடுத்த அளவைவிட, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய ஆறு அளவுகள் மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும். அவர் தேறுகிறாரா சரிகிறாரா என்பதை முதலில் உங்களுக்கே சொல்லும்.

தாளோடு குறைந்தது இருவரை அனுப்புங்கள். காயம்பட்டவரைத் தனியே விடாதீர்கள். மலைகளில் பரவலாக அறியப்பட்ட ஆபத்துச் சைகை, நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கொளியோ, பிறகு ஒரு நிமிட அமைதி, மீண்டும் ஆறு. பதில் சைகை நிமிடத்துக்கு மூன்று. சில நாடுகளில் மூன்று ஒலிகளே ஆபத்துச் சைகை என்பதால் செல்லும் இடத்தின் வழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். பதில் கிடைத்தபின்பும் நிறுத்தாதீர்கள். மீட்பவர்கள் உங்கள் ஒலியைப் பின்தொடர்ந்துதான் வந்து சேர்வார்கள்.

கேள்வி: நான் ஒருவனே பயிற்சி பெற்றவன். எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?
- உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்

பதில்: இந்தக் கேள்வியைப் புறப்படும் முன்பே எழுப்பிய உங்களைப் பாராட்டுகிறேன். முதல் விடை, ஒருவர் மட்டும் பயிற்சி பெற்றிருக்கும் குழு புறப்படக் கூடாது என்பதே. இன்னொரு பெரியவரையும் அதே பயிற்சிக்கு அனுப்பும்படி நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

அதற்குப் பிறகும் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது இருக்கிறது. பதின்மூன்று வயதினருக்கு மார்பழுத்தம், பக்கவாட்டில் படுக்கவைத்தல், காயத்தை அழுத்திப் பிடித்தல், விசில் சைகை ஆகிய நான்கையும் ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். முதல் நாள் நடையின் முதல் ஓய்விடத்தில், முன்னறிவிப்பில்லாமல் பாதையோரத்தில் படுத்துக்கொண்டு, ‘நான் விழுந்துவிட்டேன், பேச முடியவில்லை’ என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உடன் வரும் மற்றொரு ஆசிரியர் வாய் திறக்காமல் கடிகாரத்தை மட்டும் பார்க்கட்டும். முதன்முறை பெரும்பாலும் சிரிப்பு எழும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். முதலுதவிப் பை எவர் முதுகில் இருக்கிறது, அதில் எந்த அறையில் என்ன இருக்கிறது, வரைபடம் எங்கே, செய்தியை எழுதும் தாள் எங்கே என்று அவர்களுக்குத் தெரிகிறதா என்று அந்த ஆசிரியர் குறித்துக்கொள்வார். தெரியாதவற்றை அங்கேயே பையைத் திறந்து காட்டுங்கள். இரண்டாம் நாள் காலையில், வேறொரு இடத்தில், மறுபடியும் படுத்துக்கொள்ளுங்கள்.